100 புள்ளி எடுத்தவரை விற்கலாமா? கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் கதை

1968-ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்க விளையாட்டு உலகத்தைத் திகைக்க வைத்த செய்தி ஒன்று வெளியாயிற்று.

பிலடெல்பியா நகரத்தின் கூடைப்பந்து கோஷ்டி, தன்னிடம் இருந்த ஓர் ஆட்டக்காரரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு மூன்று பேரை வாங்கிக்கொண்டது.

ஒருவருக்கு மூன்று பேர்!

கொடுக்கப்பட்டவர் சாதாரண ஆள் அல்ல. உயரம் 7 அடி 1 அங்குலம். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவர். அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை வாங்கிய கை இன்னும் காயவில்லை. அவர்தான் வில்ட் சேம்பர்லின்.

வந்த மூவரில் முக்கியமானவர் ஆர்ச்சி கிளார்க். உயரம் 6 அடி 2 அங்குலம். பந்தைத் தட்டிக்கொண்டு பாய்ந்து ஓடுவதில் கெட்டிக்காரர்.

யானையைக் கொடுத்துக் குதிரை வாங்கிய கதைதான். இது லாபமா, நஷ்டமா? இந்தக் கேள்விக்கு விடை சேம்பர்லினின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

சென்டரும் கார்டும்

கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இரும்பு வளையம். அதில் பந்தைப் போட்டால் புள்ளி.

வளையம் உயரத்தில் இருக்கிறது. ஆகவே நெட்டையானவருக்குத் தனி மவுசு. அவர் வளையத்துக்கு அருகில் நின்று ஆடுவார். அவருக்கு 'சென்டர்' என்று பெயர். கிட்டத்தில் நின்று பந்தைப் போடுவது, எதிரி போடும் பந்தைத் தட்டிவிடுவது, குறி தவறித் திரும்பும் பந்தைத் தாவிப் பிடிப்பது, இவையெல்லாம் அவர் வேலை.

இன்னொருவர் 'கார்டு'. இவர் பெரும்பாலும் உயரம் குறைந்தவர். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோவார். யாருக்குப் பந்து கொடுப்பது, எந்த நொடியில் கொடுப்பது என்று முடிவு செய்வார். ஆட்டத்தை நடத்திச் செல்லும் இவரைப் 'பாயிண்ட் கார்டு' என்கிறார்கள்.

தேர் எவ்வளவு பெரிதானாலும் வடம் பிடிக்க ஆள் வேண்டும் அல்லவா? சென்டர் தேர் என்றால், கார்டு வடம் பிடிப்பவர்.

அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரர்கள் ஒரு கோஷ்டியுடன் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தை முதலாளி வேறு கோஷ்டிக்கு மாற்றிக் கொடுக்கலாம். பதிலுக்கு வேறு ஆட்டக்காரரையோ பணத்தையோ வாங்கலாம். பெரும்பாலும் ஆட்டக்காரரின் சம்மதத்தைக் கேட்பதில்லை. செய்தி வந்ததும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு புதிய ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

சேம்பர்லின் இப்படி இரண்டு முறை கைமாறினார்.

நோஞ்சான் பிள்ளை

1936-ம் ஆண்டு ஆகஸ்ட் 21-ந் தேதி பிலடெல்பியா நகரில் வில்ட் பிறந்தான். கறுப்பர் குடும்பம். தந்தை வில்லியம் வெல்டிங் வேலையும், கிடைத்த மற்ற வேலைகளும் செய்தார். தாய் ஒலிவியா பிறர் வீடுகளில் வேலை பார்த்தார். வீட்டில் ஒன்பது பிள்ளைகள்.

பின்னாளில் ராட்சதன் என்று பேர் வாங்கிய வில்ட், சிறு வயதில் நோஞ்சான். நிமோனியா காய்ச்சல் வந்து சாவின் விளிம்புக்கே போய் மீண்டான். அதனால் ஓராண்டு பள்ளிப் படிப்பு போயிற்று.

பிறகு வளர்ந்தான், வளர்ந்தான், வளர்ந்துகொண்டே போனான். பத்து வயதில் 6 அடி! உயர்நிலைப் பள்ளியில் சேரும்போது 6 அடி 11 அங்குலம்!

முதலில் அவனுக்கு ஓட்டப் பந்தயத்திலும் உயரம் தாண்டுவதிலும்தான் ஆசை. கூடைப்பந்தைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் பிலடெல்பியா கூடைப்பந்துப் பித்துப் பிடித்த ஊர். அந்த ஊரில் இந்த உயரத்தை வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க முடியுமா? ஆட வந்தான்.

வந்த பிறகு அவனைத் தடுக்க ஆள் இல்லை. பள்ளி ஆட்டங்களில் மொத்தம் 2,252 புள்ளி எடுத்தான். ஒரே ஆட்டத்தில் 90 புள்ளி எடுத்த நாளும் உண்டு.

ஊரார் அவனுக்குப் பொய்க்கால் என்று பொருள்படும் 'ஸ்டில்ட்' என்ற பட்டப் பெயர் வைத்தார்கள். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. நண்பர்கள் வேறு பெயர் வைத்தார்கள். வாசற்படியில் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி நுழைவதைப் பார்த்து 'டிப்பர்' என்றார்கள். அது பிடித்துப் போயிற்று.

கோடை விடுமுறையில் நியூயார்க் மாநிலத்து மலைப் பகுதியில் உள்ள ஓட்டல் ஒன்றில் பெட்டி தூக்கும் வேலைக்குப் போனான். அந்த ஓட்டலின் கூடைப்பந்து கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்தவர் ரெட் ஆவர்பாக். அவர் பாஸ்டன் நகரத்துக் கோஷ்டியின் பயிற்சியாளர். இந்தப் பையனைத் தன் கோஷ்டிக்கு இழுக்க அவருக்கு ஆசை. ஆனால் பையன் கிடைக்கவில்லை.

ஆவர்பாக் போட்ட கணக்கு

இந்த இடத்தில் ஆவர்பாக்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

அவரிடம் பாப் கூசி என்ற அருமையான கார்டு இருந்தார். அந்தக் காலத்தில் பந்து கொடுப்பதில் கூசிக்கு நிகர் இல்லை. எட் மக்காலி என்ற நல்ல சென்டரும் இருந்தார். புள்ளிகள் குவிந்தன. ஆனால் சாம்பியன் பட்டம் மட்டும் வரவில்லை.

என்ன குறை? எதிரியைத் தடுக்கவும், திரும்பும் பந்தைப் பிடித்துக் கூசியிடம் சேர்க்கவும் ஆள் இல்லை. பந்து கைக்கு வந்தால் அல்லவா கூசி கொடுப்பார்?

1956-ம் ஆண்டு ஆவர்பாக் துணிந்தார். மக்காலியையும், கிளிஃப் ஹேகன் என்ற வாலிபரையும் செயின்ட் லூயி கோஷ்டிக்குக் கொடுத்தார். பதிலுக்கு பில் ரஸ்ஸல் என்ற இளைஞரைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றார்.

ரஸ்ஸல் அதிகப் புள்ளி எடுப்பவர் அல்ல. ஆனால் தடுப்பதில் மன்னர். அவர் பந்தைப் பிடிப்பார், கூசி கொண்டு ஓடுவார். ரஸ்ஸல் ஆடிய 13 ஆண்டுகளில் பாஸ்டன் 11 முறை சாம்பியன்!

ஆவர்பாக் பார்த்தது ஒன்றுதான். தன்னிடம் எது இருக்கிறது, எது இல்லை? இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்கினார்.

இந்த பாஸ்டன் கோஷ்டிதான் பின்னர் சேம்பர்லினின் வழியில் மலை போல் நின்றது.

குள்ளர் செய்த குறும்பு

சேம்பர்லின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே முதன் முதலில் பயிற்சி கொடுத்த கல்லூரி அது.

அங்கே கசப்பான அனுபவம் காத்திருந்தது. அந்த வட்டாரத்தில் பல உணவு விடுதிகள் கறுப்பர்களை உள்ளே உட்கார விடுவதில்லை. சேம்பர்லின் பின்வாங்கவில்லை. அப்படிப்பட்ட கடைகளிலும் போய் உட்கார்ந்தார்.

1957-ம் ஆண்டு கல்லூரிகளின் இறுதிப் போட்டி. கான்சாஸை எதிர்த்து ஆடியது வட கரோலினா.

ஆட்டம் தொடங்கும்போது நடுவர் பந்தை மேலே எறிவார். இரு பக்கத்திலும் உயரமானவர்கள் தாவித் தட்டுவார்கள். சேம்பர்லின் வந்து நின்றார். எதிரில் வந்து நின்றவரைப் பார்த்துக் கூட்டம் திகைத்தது. டாமி கெர்ன்ஸ் என்ற கார்டு! உயரம் 5 அடி 11 அங்குலம். அந்தக் கோஷ்டியின் பயிற்சியாளர் பிராங்க் மக்கையர் வேண்டுமென்றே செய்த குறும்பு அது.

பந்து என்னவோ சேம்பர்லினுக்குத்தான் கிடைத்தது. ஆனால் பிறகு நடந்தது வேறு. வட கரோலினா ஆட்டக்காரர்கள் இரண்டு பேர், மூன்று பேராக அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கைக்குப் பந்து வருவதே கஷ்டமாகிவிட்டது. ஆட்டம் சமமாக முடிந்தது. கூடுதல் நேரம் கொடுத்தார்கள், மறுபடியும் சமம். இப்படி மூன்று முறை கூடுதல் நேரம்! கடைசியில் 54-க்கு 53. ஒரே புள்ளியில் கான்சாஸ் தோற்றது.

போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு சேம்பர்லினுக்கு. கோப்பையோ மற்றவர்களுக்கு. அவர் வாழ்க்கையில் இது திரும்பத் திரும்ப நடந்தது.

எதிரிகள் சூழ்ந்துகொள்வதும், பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவதும் அவருக்கு அலுத்துவிட்டது. 1958-ம் ஆண்டு படிப்பை முடிக்காமலே கல்லூரியை விட்டார். அப்போதிருந்த விதிப்படி, கூடப் படித்தவர்கள் பட்டம் பெறும் வரை பெரிய சங்கத்தில் சேர முடியாது. ஆகவே ஓராண்டு ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற வித்தைக் கோஷ்டியில் சேர்ந்து ஊர் ஊராக ஆடினார். மாஸ்கோவுக்கும் போனார்.

அங்கே ஒரு வேடிக்கை. இவ்வளவு நெட்டையான மனிதரை அந்தக் கோஷ்டியில் கார்டாக ஆட விட்டார்கள்! பந்தைத் தட்டி ஓடவும், பிறருக்குக் கொடுக்கவும் அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. அந்தப் பாடத்தின் பயன் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

100 புள்ளி

1959-ம் ஆண்டு சேம்பர்லின் சொந்த ஊரான பிலடெல்பியாவின் வாரியர்ஸ் கோஷ்டியில் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 37.6 புள்ளி. சிறந்த புதுமுகம், சிறந்த ஆட்டக்காரர் என்ற இரண்டு விருதுகளும் அவருக்கே.

1960-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி ரஸ்ஸலின் பாஸ்டனை எதிர்த்து ஆடி, திரும்பும் பந்துகளை 55 முறை பிடித்தார். அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது.

1962-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி ஹெர்ஷி என்ற ஊரில் ஆட்டம். ஹெர்ஷி மிட்டாய்க்குப் பேர் போன ஊர். எதிர்த்து ஆடியது நியூயார்க். பார்க்க வந்தவர்கள் 4,124 பேர்தான். டெலிவிஷனில் காட்டவும் இல்லை.

அன்று சேம்பர்லின் தொட்டதெல்லாம் புள்ளி ஆயிற்று. எதிரி தவறு செய்தால் தடையின்றி எறியும் வாய்ப்பு உண்டு. அந்த எறிதலில் எப்போதும் தடுமாறுகிறவர் அவர். அன்று இரு கைகளாலும் கீழிருந்து தூக்கிப் போட்டு, 32-ல் 28 போட்டுவிட்டார். அவரைத் தடுக்க வந்த நியூயார்க் சென்டர் டாரல் இம்ஹாஃப் தவறுக்கு மேல் தவறு செய்து வெளியேற்றப்பட்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நிமிடங்களில் பந்தெல்லாம் அவருக்கே வந்தது. ஆட்டம் முடியும்போது அவர் கணக்கில் 100 புள்ளி! அதற்குப் பிறகு அந்தச் சங்கத்தில் 100 புள்ளியைத் தொட்டவர் யாரும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று அவருடைய கோஷ்டியின் கார்டு கை ராட்ஜர்ஸ். அவர் 20 முறை பந்து கொடுத்துப் பிறரைப் புள்ளி எடுக்க வைத்தார். 100 புள்ளியை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த 20-ஐ மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஆண்டு சேம்பர்லின் எடுத்த சராசரி 50.4 புள்ளி. நம்பவே முடியாத கணக்கு! அப்படியானால் அவர் கோஷ்டி சாம்பியன் ஆகியிருக்க வேண்டுமே?

ஆகவில்லை. ஏழாவது ஆட்டத்தில், இரண்டே புள்ளி வித்தியாசத்தில் பாஸ்டன் அவர்களை வெளியேற்றியது. தனி மரம் தோப்பாகவில்லை.

முதல் கைமாற்றம்

அந்த ஆண்டே வாரியர்ஸ் கோஷ்டி சான் பிரான்சிஸ்கோ நகருக்கு இடம் பெயர்ந்தது. 1964-ம் ஆண்டு இறுதிப் போட்டி வரை வந்து மறுபடியும் பாஸ்டனிடம் தோற்றது.

அடுத்த ஆண்டு கோஷ்டி படுதோல்வி மேல் தோல்வி கண்டது. சேம்பர்லினுக்குச் சம்பளம் அதிகம். நேட் தர்மண்ட் என்ற இளம் சென்டரும் கையில் இருந்தார். ஒரே இடத்துக்கு இரண்டு யானைகள் எதற்கு என்று முதலாளி நினைத்தார்.

1965-ம் ஆண்டு ஜனவரி மாதம் சேம்பர்லின் கைமாறினார். வாங்கியது பிலடெல்பியாவின் புதிய கோஷ்டியான செவன்டி சிக்ஸர்ஸ். விலை, மூன்று ஆட்டக்காரர்களும் ஒரு லட்சத்து 50 ஆயிரம் டாலரும். அந்த மூவரில் பால் நியூமன் என்பவர் கார்டு. லீ ஷாஃபர் என்பவர் ஆட வரவே இல்லை, ஆட்டத்தை விட்டே விலகிவிட்டார்!

சான் பிரான்சிஸ்கோ அந்த ஆண்டு 80 ஆட்டத்தில் 17-ல்தான் ஜெயித்தது.

சேம்பர்லினுக்கும் உடனே விடியவில்லை. மூன்றே மாதத்தில் மறுபடியும் பாஸ்டன் எதிரே நின்றது. ஏழாவது ஆட்டம். பாஸ்டன் 110, பிலடெல்பியா 109. இன்னும் 5 வினாடி. பந்து பிலடெல்பியாவிடம். ஒரு கூடை விழுந்தால் போதும்.

பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிந்தார் ஹால் கிரீர். பாஸ்டனின் ஜான் ஹாவ்லிசெக் பாய்ந்து தட்டிப் பறித்துவிட்டார். ஆட்டம் முடிந்தது!

உலகத்திலேயே பலசாலியான சென்டர் வளையத்தின் அருகே காத்துக்கொண்டிருந்தார். பந்து அவரிடம் வந்து சேரவில்லை.

கொடுக்கக் கற்றவர்

1966-ம் ஆண்டு அலெக்ஸ் ஹன்னம் பயிற்சியாளராக வந்தார். முரட்டு மனிதர், ஆனால் நேர்மையானவர். அவர் சேம்பர்லினிடம் ஒரு விசித்திரமான கோரிக்கை வைத்தார். புள்ளி எடுப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும், பந்தை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார்.

யோசித்துப் பாருங்கள். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் சங்கத்திலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். பேரும் பணமும் அதனால் வந்தவை. அதை விட்டுக்கொடு என்றால் யாருக்கு மனம் வரும்?

சேம்பர்லின் விட்டுக்கொடுத்தார். 1962-ல் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 40 முறை வளையத்தை நோக்கிப் பந்து எறிந்தவர், இப்போது 14 முறைதான் எறிந்தார். அவரைத் தடுக்க மூன்று பேர் சூழ்ந்தால், ஆள் இல்லாத இடத்தில் நின்ற தோழருக்குப் பந்து பறந்தது.

பலன் என்ன? அவருடைய சராசரி 24.1 புள்ளியாகக் குறைந்தது. கோஷ்டியோ 81 ஆட்டங்களில் 68-ல் ஜெயித்தது! தொடர்ந்து எட்டு ஆண்டுகள் சாம்பியனாக இருந்த பாஸ்டனை 4-க்கு 1 என்று வீழ்த்தியது. இறுதிப் போட்டியில் எதிர்த்து வந்தது எது தெரியுமா? அவரைக் கைமாற்றிய அதே சான் பிரான்சிஸ்கோ! அதையும் ஜெயித்து, 1967-ம் ஆண்டு சேம்பர்லின் முதன் முதலாகச் சாம்பியன் ஆனார்.

அடுத்த ஆண்டு இன்னும் ஒரு படி மேலே போனார். பந்து கொடுத்துத் தோழர்களைப் புள்ளி எடுக்க வைப்பதற்கு 'அசிஸ்ட்' என்று தனிக் கணக்கு உண்டு. அது கார்டுகளின் சொத்து. அந்த ஆண்டு மொத்தக் கணக்கில் சங்கத்திலேயே முதலிடம் பெற்றவர் சேம்பர்லின். 702 அசிஸ்ட்!

கார்டு வேண்டும் என்று கோஷ்டிகள் தேடி அலைகின்றன. இங்கே சென்டரே கார்டு வேலையையும் சேர்த்துப் பார்த்தார்.

இரண்டாவது கைமாற்றம்

ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. 1968-ம் ஆண்டு பாஸ்டனை எதிர்த்து 3-க்கு 1 என்று முன்னணியில் இருந்த பிலடெல்பியா, அடுத்த மூன்று ஆட்டங்களையும் இழந்தது. ஏழாவது ஆட்டத்தின் பிற்பாதியில் சேம்பர்லின் வளையத்தை நோக்கி இரண்டே முறைதான் முயன்றார். முன்பு புள்ளிப் பேராசைக்காரர் என்று ஏசியவர்கள், இப்போது ஏன் எறியவில்லை என்று ஏசினார்கள்.

ஹன்னம் வேறு கோஷ்டிக்குப் போனார். சேம்பர்லினுக்கும் முதலாளிக்கும் ஒத்துப்போகவில்லை. கோஷ்டியில் தனக்கு ஒரு பங்கு தருவதாக, இறந்துபோன மற்றொரு முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார் என்பது சேம்பர்லினின் கட்சி. எழுத்தில் எதுவும் இல்லை. அந்தப் பங்கு கிடைக்கவில்லை.

அப்போதுதான் ஜூலை மாதத்து ஒப்பந்தம் நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கோஷ்டி கொடுத்த மூவர், கார்டு ஆர்ச்சி கிளார்க், ஜெர்ரி சேம்பர்ஸ், மற்றும் டாரல் இம்ஹாஃப். ஆம், 100 புள்ளி ஆட்டத்தில் சேம்பர்லினைத் தடுக்க முடியாமல் வெளியேறினாரே, அதே இம்ஹாஃப்தான்!

பிலடெல்பியாவுக்கு லாபமா? அடுத்த ஆண்டு 55 ஆட்டம் ஜெயித்தார்கள். கிளார்க் நன்றாகவே ஆடினார். ஆனால் வளையத்தின் அருகே நிற்க ஈடான ஆள் இல்லை. கிளார்க்கையும் 1971-ல் வேறு கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். 1972-73-ல் அந்தக் கோஷ்டி 82 ஆட்டத்தில் 73-ல் தோற்றது! எல்லாம் இந்த ஒரு கைமாற்றத்தால் என்று சொல்ல முடியாது. ஆனால் சரிவு அங்கேதான் தொடங்கியது.

தொங்கிய பலூன்கள்

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு லாபமா? அங்கும் உடனே இல்லை.

ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர், சேம்பர்லின் என்று மூன்று மாவீரர்கள் ஒரே கோஷ்டியில். ஊரே சாம்பியன் பட்டம் நமக்குத்தான் என்று நம்பியது. ஆனால் கிளார்க் போய்விட்டார். அதே கோடையில் கெயில் குட்ரிச் என்ற இன்னொரு கார்டையும் புதிதாகத் தொடங்கிய ஃபீனிக்ஸ் கோஷ்டி எடுத்துக்கொண்டது. வெஸ்டுக்குத் தோள் கொடுக்க நல்ல கார்டு இல்லை.

1969-ம் ஆண்டு மே 5-ந் தேதி இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம். எதிரே பாஸ்டன். வெற்றியைக் கொண்டாட மைதானத்துக் கூரையில் பலூன்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது சேம்பர்லினுக்கு முழங்காலில் அடிபட்டது. வெளியே போய் உட்கார்ந்தார். அவருக்குப் பதிலாக மெல் கவுண்ட்ஸ் என்ற 7 அடி உயர சென்டர் ஆடினார். சிறிது நேரத்தில் சேம்பர்லின் மறுபடியும் ஆட விரும்பினார். பயிற்சியாளர் மறுத்துவிட்டார்.

இரண்டு புள்ளியில் பாஸ்டன் ஜெயித்தது. பலூன்கள் கூரையிலேயே தொங்கின.

அடுத்த ஆண்டு முழங்காலில் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை. தேறி வந்து மறுபடியும் இறுதிப் போட்டி. இந்த முறை நியூயார்க். ஏழாவது ஆட்டத்தில் நியூயார்க் கார்டு வால்ட் ஃபிரேசியர் தானே 36 புள்ளி எடுத்து, 19 அசிஸ்டும் கொடுத்தார். ஒரு கார்டு மட்டும் மனம் வைத்தால் என்ன ஆகும் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் கண்ணால் கண்டது.

உடனே அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அதே ஆண்டு, 1970-ல், மெல் கவுண்ட்ஸை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்குக் கெயில் குட்ரிச்சைத் திரும்ப வாங்கினார்கள்.

7 அடி சென்டரைக் கொடுத்து 6 அடி 1 அங்குல கார்டு! இது சரியான கைமாற்றம். ஏன்? வளையத்தின் அருகே நிற்க சேம்பர்லின் இருந்தார். குறையாக இருந்தது கார்டு. 14 ஆண்டுகளுக்கு முன் ஆவர்பாக் போட்ட அதே கணக்கு!

33 வெற்றி

1971-ம் ஆண்டு பில் ஷார்மன் பயிற்சியாளர் ஆனார். பாஸ்டனில் கூசியுடன் சேர்ந்து ஆடிய பழைய கார்டு அவர். அவரும் சேம்பர்லினிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டார். ரஸ்ஸல் போலத் தடுக்க வேண்டும், பந்தைப் பிடித்ததும் வெஸ்டுக்கும் குட்ரிச்சுக்கும் வீச வேண்டும் என்றார்.

சேம்பர்லினுக்கு அப்போது 35 வயது. சம்மதித்தார். அவர் சராசரி 14.8 புள்ளியாக இறங்கியது. குட்ரிச்சும் வெஸ்டும் ஆளுக்கு ஏறக்குறைய 26 எடுத்தார்கள்.

நவம்பர் 5-ந் தேதி ஜெயிக்கத் தொடங்கியவர்கள் ஜனவரி 7-ந் தேதி வரை நிறுத்தவில்லை. தொடர்ந்து 33 வெற்றி! அந்தச் சங்கத்தில் இன்றும் முறியடிக்கப்படாத சாதனை அது. மொத்தம் 69 வெற்றி, 13 தோல்வி.

1972-ம் ஆண்டு மே மாதம் இறுதிப் போட்டியில் நியூயார்க்கை 4-க்கு 1 என்று வென்றார்கள். கடைசி ஆட்டத்தில் சேம்பர்லின் அடிபட்ட கையுடன் ஆடி 24 புள்ளி எடுத்தார். 29 முறை திரும்பும் பந்தைப் பிடித்தார். இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் பரிசும் கோப்பையும், இரண்டும் இந்த முறை ஒரே பக்கம் வந்தன.

அடுத்த ஆண்டோடு ஓய்வு பெற்றார். 14 ஆண்டுகளில் 1,045 ஆட்டம், 31,419 புள்ளி. திரும்பும் பந்து பிடித்ததில் 23,924 என்ற கணக்கை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை. இத்தனை ஆட்டத்திலும் அதிகத் தவறு செய்து வெளியேற்றப்பட்டது ஒரு முறைகூட இல்லை!

1998-ம் ஆண்டு ஜனவரி மாதம் கான்சாஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பாராட்டியது. அவர் அணிந்த 13-ம் எண் சட்டையை மண்டபத்தில் மேலே தூக்கிக் கட்டினார்கள். ஒரு புள்ளியில் கோப்பையை இழந்த வாலிபருக்கு 41 ஆண்டுகள் கழித்து ஊரே எழுந்து நின்று கை தட்டியது. மறு ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி, 63-ம் வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் இதயக் கோளாறால் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

சரி, சென்டரைக் கொடுத்துக் கார்டு வாங்கலாமா?

தேர் இருந்து வடம் இல்லாதவன் வடம் வாங்கட்டும். இருப்பது ஒரே தேர் என்றால் அதைக் கொடுத்து வடம் வாங்குவதில் பயன் இல்லை. பிலடெல்பியா செய்தது இரண்டாவது காரியம். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்ட்ஸைக் கொடுத்தபோது செய்தது முதல் காரியம்.

சேம்பர்லின் 50 புள்ளி எடுத்த ஆண்டில் கோப்பை வரவில்லை. 24 எடுத்தபோது வந்தது. 14 எடுத்தபோது மறுபடியும் வந்தது. வீட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சம்பாதிக்கிறவர் ஒருவரே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும் வீட்டைவிட, ஆளுக்கொரு வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் வீடு நன்றாக நடக்கிறது அல்லவா?